உடம்பு பெருத்தால் மூளை மந்தமாகுமா? கடுமையான உடற்பயிற்சி அதைத் தெளிய வைக்குமா?

திருப்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 36, உயரம் 170 செ.மீ., எடை 104 கிலோ. பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. ஆறு மாதமாக மண்டை மந்தமாக இருக்கிறதாம். பையர் போனில் வந்தால், தினமும் புழங்குகிற ஸ்டைல் நம்பரே நாக்கில் வர மாட்டேன் என்கிறதாம். எடைதான் காரணம் என்று முடிவு செய்து, மூன்று வாரமாகக் காலை ஐந்து மணிக்கு ஜிம்மில் போட்டு வாட்டுகிறார். மந்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது. "குண்டாக இருந்தால் மூளை கெடுமா? கடுமையான பயிற்சி அதைச் சரி செய்யுமா, இல்லை இன்னும் கெடுக்குமா?" இதுதான் கேள்வி. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: அப்பாவுக்கு 58 வயதில் பக்கவாதம் வந்தது, இப்போது பேரன் பெயரையே மறந்துவிடுகிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துகொண்டிருக்கிறதா, வந்தால் திருப்ப முடியுமா என்றுதான் கேட்கிறீர்கள். நான் பெருந்துறைப் பக்கம் 24 வருடமாகப் பொது மருத்துவம் பார்ப்பவன். நரம்பியல் நிபுணன் அல்ல, விளையாட்டு மருத்துவமும் படித்தவன் அல்ல. உங்களைத் தொட்டுப் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் சர்க்கரை, பிரஷர், எடை, இதெல்லாம் மூளையை என்ன செய்கிறது என்று தினமும் கண்ணால் பார்க்கிறவன். அந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் இரவைப் பற்றிப் பேச வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்திருக்கிறீர்கள். குறட்டை தாங்காமல் மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியது அந்த இடம்தான். எடை கூடும்போது வயிற்றில் மட்டும் கொழுப்பு சேருவதில்லை, கழுத்தைச் சுற்றியும் நாக்குக்குள்ளும் சேரும். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்ததும் காற்றுப் போகிற வழி அடைபடுகிறது. பத்து நொடி, இருபது நொடி, சில பேருக்கு அதற்கு மேலும் மூச்சு நின்றுபோகும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் எழுப்பிவிடும். ஒரு பெரிய மூச்சை இழுத்துவிட்டு மறுபடி தூக்கம். விழித்தது நமக்கே தெரியாது. மணிக்கு 30 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் அதைக் கடுமையான நிலை என்று வைத்திருக்கிறோம். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் மூளைக்கு ஆழ்ந்த தூக்கம் கிடைத்திருக்காது. நீங்களோ நாலரை மணி நேரம்தான் படுக்கிறீர்கள்.

காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வருவார். கொப்பரை விலையை, கொள்முதல் கணக்கை எல்லாம் மனசிலேயே போடுகிற ஆள். ஐம்பது வயதுக்குள் எல்லாம் மறக்க ஆரம்பித்துவிட்டது, மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று வந்து நின்றார். கூட வந்த அவர் மனைவி, "டாக்டர், இதைப் பாருங்க" என்று போனை நீட்டினார். இருட்டில் எடுத்த வீடியோ. பெரிய குறட்டை, அப்புறம் திடீரென்று அமைதி. நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், நாற்பது நொடி. பிறகு நீரில் முங்கினவர் தலை தூக்குவது போல ஒரு மூச்சு. தூக்கப் பரிசோதனை செய்து, இரவில் மூக்கில் காற்றழுத்தக் கருவி மாட்டிக்கொண்டு தூங்க ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது, "கணக்கு மறுபடி தலைக்குள்ளேயே ஓடுதுங்க" என்றார். எடை இரண்டு கிலோதான் குறைந்திருந்தது. ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் எடை அதிகமுள்ள ஒருவர் மந்தம், மறதி, பகல் தூக்கம் என்று வந்தால் நான் முதலில் கேட்பது குறட்டையைத்தான். இதோடு தைராய்டு, பி12, சர்க்கரை, ரத்தசோகை, மனச்சோர்வு இவற்றையும் பார்த்துவிட வேண்டும். எல்லாமே மந்தத்தைக் கொடுப்பவை, எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

சரி, கொழுப்புக்கு வருவோம். கொழுப்பு என்றால் மூலையில் கிடக்கிற மூட்டை, செலவழிக்காத பணம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். நான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த எண்ணம் மாறியது. 1994-ல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் அதைச் சுரந்து, "இருப்பு போதும், பசியை நிறுத்து" என்று மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸுக்குச் சொல்லி அனுப்புகின்றன. அப்படியானால் குண்டாக இருப்பவர்களுக்கு லெப்டின் ஊசி போட்டால் இளைத்துவிடுவார்களே என்று எல்லோரும் நம்பினார்கள். பலிக்கவில்லை. அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளமாக இருந்தது. மூளைக்குத்தான் அது காதில் விழவில்லை. அதனால் உங்கள் பசியை வாய்க்கொழுப்பு, மன உறுதி இல்லாமை என்று யாராவது பழித்தால் அதை ஏற்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் உடம்புக்குள் நடக்கிற பேச்சுவார்த்தைக் கோளாறு.

இன்னொன்று, நம் ஆட்களுக்குத் தொப்பைக் கொழுப்பு குறைந்த எடையிலேயே சேர்ந்துவிடுகிறது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் தங்களையே அளந்து ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண், ஒரே 22.3. வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2 சதவீதம். இதனால்தான் இந்தியர்களுக்குப் பிஎம்ஐ 25-ஐத் தாண்டினாலே உடல்பருமன் என்றும், ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள், பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். உங்கள் பிஎம்ஐ 36. குடலைச் சுற்றி, ஈரலுக்குள் சேருகிற இந்தக் கொழுப்பு சும்மா இருக்காது. அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் வேலை செய்யாமல் போகும், பிரஷர் ஏறும், ரத்தக்குழாய்ச் சுவர் தடிக்கும். மூளைக்குள் முடியைவிட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. முதலில் அடி வாங்குவது அவைதான்.

உங்கள் அப்பாவுக்கு மறதி பக்கவாதத்துக்குப் பிறகு வந்தது என்றால், பெரும்பாலும் அது இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். அப்படியானால் குடும்பத்தில் இறங்கி வருவது மறதி அல்ல. பிரஷரும் சர்க்கரையும்தான் இறங்கி வருகின்றன. அந்த இரண்டையும் பிடித்து நிறுத்த முடியும். இது உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம்.

உறுதி குறைவான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எம்ஆர்ஐ படங்களைப் பார்த்ததில், எடையும் இடுப்பும் கூடியவர்களுக்கு மூளையின் சாம்பல் நிறப் பகுதி கொஞ்சம் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு "குண்டானால் மூளை சுருங்கும்" என்று தலைப்புப் போடுகிறார்கள். அந்த ஆய்வு சொல்வது இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதை மட்டும்தான். எது எதைக் கொண்டுவந்தது என்று அதிலிருந்து சொல்ல முடியாது. நடுவயதில் உடல்பருமன் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 70 வயதுக்கு மேல் கணக்கு தலைகீழாகிறது, மறதிநோய் வரப்போகிறவர்கள் சில வருடம் முன்பே இளைக்க ஆரம்பிக்கிறார்கள். ஆகவே 36 வயதில் உங்கள் மூளை சுருங்கிவிட்டது என்று பயப்படாதீர்கள். எடை குறைந்த பிறகு நினைவாற்றல் தேறியவர்களும் ஆய்வுகளில் இருக்கிறார்கள்.

உடற்பயிற்சி என்ன செய்கிறது? முதலில் அது செய்யாததைச் சொல்கிறேன். எடையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. உங்கள் எடைக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 350 கலோரி செலவாகும். சால்னாவோடு இரண்டு பரோட்டா அதைத் தாண்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எடை குறைவது சாப்பாட்டில்தான், பயிற்சி அதைத் திரும்ப ஏறாமல் பிடித்து வைக்கும். அதிலும் வேகமாக இளைக்க நினைத்தால் உடம்பு எதிர்க்கும். அமெரிக்காவில் டிவி போட்டியில் கடும் பயிற்சியும் பட்டினியுமாக எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்தார்கள். 2016-ல் வந்த ஆய்வு அது. பெரும்பாலோருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. அவர்கள் உடம்போ சும்மா இருக்கும்போது செலவழிக்க வேண்டியதைவிட நாளைக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

ஆனால் தராசு அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடக்கும். தசை சுருங்கும்போது அது இன்சுலின் துணை இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்துக் கால் மணி நேரம் நடந்தால் சர்க்கரை எகிறாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். எடை குறையாதபோதும் ஈரல் கொழுப்பு குறைகிறது, பிரஷர் இறங்குகிறது. என் கிளினிக்கில் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்கள், "பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டே இருக்கறனுங்க, எனக்கு எதுக்கு உடற்பயிற்சி?" என்று கேட்பார்கள். நிற்பது உழைப்புதான், மறுக்கவில்லை. இருதயமும் நுரையீரலும் வேகம் பிடிக்க வேண்டும், அது நின்றால் கிடைக்காது.

மூளைக்கும் நல்லது நடக்கிறது. 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வாரம் மூன்று நாள் 40 நிமிடம் நடக்கவைத்தார்கள், மீதிப் பேருக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடத்தில் நடந்தவர்களுக்கு நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இதே அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அவர்கள் செய்தது வெறும் நடை. நம் கோவை ரேஸ் கோர்ஸ் பாதையில் விடிகாலையில் நடக்கிறவர்கள் செய்வதுதான்.

அப்படியானால் கடுமையான பயிற்சி கெட்டதா? கெட்டதில்லை. இருதயத் திறனை அது நடையைவிட வேகமாக உயர்த்தும், நேரமும் மிச்சம். நார்வேயில் எழுபது வயதைத் தாண்டிய 1,567 பேரை வைத்து ஐந்து வருடம் பார்த்தார்கள், தீவிரப் பயிற்சி செய்தவர்கள் அதனால் அதிகம் சாகவில்லை. பிரச்சினை எல்லாம் பழக்கமில்லாத உடம்பு திடீரென்று அதில் இறங்கும்போதுதான். 1993-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு மாரடைப்பு வந்தவர்களிடம், அதற்கு முந்தின ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தது. வாரம் ஐந்து தடவையோ அதற்கு மேலோ பயிற்சி செய்கிறவர்களுக்குக் கடும் உழைப்பு அந்த ஒரு மணி நேர ஆபத்தை 2.4 மடங்குதான் கூட்டியிருந்தது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு 107 மடங்கு. எந்த ஒரு மணி நேரத்திலும் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சின்னது, அதனால் 107 மடங்கு என்றதும் நடுங்க வேண்டாம். ஆனாலும் பழக்கம் எவ்வளவு பெரிய கவசம் என்பது அந்த இரண்டு எண்களில் தெரிகிறது. வெள்ளியங்கிரி மலை ஏறும் பருவத்தில் நெஞ்சடைத்து இறந்தவர்கள் செய்தி வருகிறதே, இருதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இதுதான். காளையைப் பழக்குகிறவர்கள் முதல் நாளே பாரவண்டியில் பூட்ட மாட்டார்கள்.

இன்னொரு ஆபத்தை ஜிம்முக்குப் போகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு இன்ஜினியரிங் மாணவன், ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்திருக்கிறான். மூன்றாம் நாள் அவன் அம்மா தாங்கிப் பிடித்துக்கொண்டு கூட்டிவந்தார். தொடை இரண்டும் கல் மாதிரி வீங்கியிருந்தன, படி இறங்க முடியவில்லை. பாட்டிலில் பிடித்து வந்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. தசை செத்து, அதிலிருந்த சிவப்பு நிறமி ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருந்தது. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், ஐந்து நாள் டிரிப் ஏற்றினார்கள், சிறுநீரகம் தப்பியது. "வலித்தால்தான் பலன்" என்று உங்கள் டிரெய்னர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். மறுநாள் உடம்பு கொஞ்சம் நோவது சரி. கை தூக்க முடியாத வலியும் சிறுநீர் கறுப்பதும் சரியே இல்லை.

மூளை விஷயத்திலும் அளவு உண்டு. பிரான்சில் தாங்குதிறன் விளையாட்டு வீரர்கள் 37 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று வாரம் பயிற்சியை வழக்கத்தைவிட 40 சதவீதம் கூட்டினார்கள். தீர யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி அவர்களுக்குச் சோர்ந்துபோனது. பொறுத்திருந்தால் கிடைக்கும் பெரிய பலனை விட்டுவிட்டு, கைக்கு உடனே வருவதைப் பிடித்துக்கொண்டார்கள். 2019-ல் வந்த ஆய்வு. பழகிய வீரர்களுக்கே இந்தக் கதி. நாலரை மணி நேரத் தூக்கத்தோடு, வெறும் வயிற்றில், மூன்று வாரமாக நீங்கள் செய்வது உங்கள் மந்தத்தைக் கூட்டியிருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. இது தற்காலிகம்தான், ஓய்வு கொடுத்தால் தெளியும்.

நீங்கள் என் முன்னால் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன். ஜிம் பணத்தை விட்டுவிட வேண்டாம், ஆனால் இரண்டு வாரம் அங்கே போகாதீர்கள். அதற்குள் பிரஷர், ஈசிஜி, மூன்று மாதச் சராசரி சர்க்கரை, தைராய்டு, பி12, ஈரல், சிறுநீரகம் பார்த்துவிடுங்கள். அப்பா கதை இருப்பதால் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும். ராத்திரி பத்தரைக்குப் படுங்கள். முதல் மாதம் சமதரையில் நடை மட்டும், 20 நிமிடத்தில் ஆரம்பித்து 40 நிமிடம் வரை. நடக்கும்போது பேச வர வேண்டும், பாட்டுப் பாட வரக்கூடாது, அந்த வேகம் போதும். உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், லேசான எடை. இரண்டாம் மாதத்திலிருந்து நடைக்கு நடுவில் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும் வேகம், இரண்டு நிமிடம் சாதாரண நடை என்று நாலைந்து தடவை. ஜிம்முக்கு அப்போது திரும்பலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குச் சொல்வது 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடத் தீவிரப் பயிற்சி. அதை மூன்று மாதத்தில் எட்டினால் போதும். சென்னிமலை 1,320 படியை நிதானமாக, நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஏறி முடிக்கிற அன்று உங்கள் உடம்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இப்போது முயற்சி செய்ய வேண்டாம். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அந்த நாட்களில் எட்டு மணிக்கு மேல் வெளியே பயிற்சியே வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று வீட்டில் கொள்ளுத் தண்ணீராகக் கொடுக்கிறார்கள் என்றீர்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் அதில் புரதமும் நாரும் நிறைய, வயிறு சீக்கிரம் நிறையும். தண்ணீரை மட்டும் குடிக்காமல் கொள்ளுப்பருப்பாகக் கடைந்து, சோற்றைப் பாதியாக்கி, அதோடு சாப்பிடுங்கள். ஜிம்மில் கொடுக்கிற, பெயர் தெரியாத கொழுப்பு கரைக்கும் பொடி வேண்டவே வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. பலவற்றில் காஃபின் அளவு இருதயத்தைப் படபடக்க வைக்கும்.

பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ ஓடும் வலி, கண் இருட்டுதல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது அப்பாவுக்கோ உங்களுக்கோ வந்தாலும் அப்படித்தான். சிறுநீர் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்கள் தூங்கி ஒரு மணி நேரம் ஆனதும், மனைவியிடம் சொல்லி பத்து நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.